படகுத்துறைக் கல்

ஆக்லாந்துப் புறநகர் ஹென்டர்சனில் வீட்டோடு முடங்கியிருந்த செல்வரத்தினத்தைக் கைதூக்கி விட்டது, அவர் கண்ணால் காணாத ஓர் இங்கிலாந்துக் கிராமம். யாழ்ப்பாணத்திலும் ஆக்லாந்திலுமாக முப்பது வருடம் நில அளவைப் படம் வரைந்தவர். கம்பனி ஆட்குறைப்புச் செய்த பின் பதினான்கு மாதமாக வேலை இல்லை. வில்லோஃபோர்ட் என்ற ஆற்றோரச் சிற்றூரின் பாரம்பரியச் சங்கம், பழைய படகுத்துறைப் படம் ஒன்றைக் கையால் திருப்பி வரைய ஆள் தேடுவதை இணையத்தில் கண்டார். மூலப்படத்தின் மேல்மூலை கிழிந்திருந்தது. சங்கம் அனுப்பிய புகைப்படங்களைப் பார்த்து, கரையோர நாணலைக்கூட விடாமல் வரைந்து அனுப்பினார்.

சங்கத்துக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஊரின் ஆலைகள், மதகுகள், பாலங்கள் என்று இன்னும் பன்னிரண்டு படங்கள் அவருக்கே என்று செயலாளர் ஹாலோவே அம்மையார் எழுதினார். இரண்டு வருட வேலை. கூடவே ஒரு செய்தி: கிழிந்த மூலையில் அவர் மீட்டெடுத்த அந்த வளைந்த குறி, பழைய படகோட்டிகளின் அடையாளமாம். வரும் ஞாயிறன்று அதைக் கல்லில் வெட்டி ஆற்றங்கரையில் திறக்கப் போகிறார்களாம்.

செல்வரத்தினம் தான் அனுப்பிய படத்தைத் திரையில் பெரிதாக்கி அந்த மூலையைப் பார்த்தார். வெறுந்தாளில் பிள்ளையார் சுழி போடாமல் அவர் கை எதையும் தொடங்காது. மேல்மூலையில் பென்சிலால் போட்ட சுழியை ஞாபகமில்லாமல் மையாலும் இழுத்திருக்கிறார்.

“உங்கட பிள்ளையார் சுழியெல்லோ இது!” என்றாள் மனைவி சரோஜாதேவி.

“ஓம். எழுதிச் சொல்லப் போறன்.”

“இஞ்சருங்கோ, பேசாமல் இருங்கோ. அந்தச் சனத்துக்கும் சந்தோஷம், உங்களுக்கும் வேலை.”

“கல்லிலை வெட்டப் போகினம், சரோ. நாளைக்கு அதைத்தான் சரித்திரம் எண்டு பிள்ளையள் படிக்கப் போகுதுகள்.”

பிழைக்கத் தெரியாத மனுஷன். ஒன்றையும் மறைக்காமல் அன்றைக்கே எழுதி அனுப்பினார்.

இரண்டு நாளில் பதில் வந்தது. வெகு மரியாதையான பதில். ஊரார் தேடிப் பார்த்ததில் ஆலைக் கதவொன்றிலும், கல்லறை ஒன்றின் பின்புறத்திலும் அதே குறி தென்பட்டிருக்கிறது. தன் பாட்டன் அதைப் போட்டது ஒரு முதியவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆகவே கல் திட்டமிட்டபடி திறக்கப்படும். ஆனால் மூலத்தில் இல்லாததைத் தானே சேர்த்ததாக ஒப்புக்கொள்ளும் ஒருவரிடம் மற்றப் பன்னிரண்டு படங்களையும் ஒப்படைப்பது முறையாகாது. மன்னிக்கவும்.

செல்வரத்தினம் மூன்று தரம் வாசித்தார். அவர் சொன்னது பொய்யென்றால் வேலையை ஏன் பறிக்க வேண்டும், உண்மையென்றால் கல் எதற்கு? இந்த நியாயம் அவருக்குப் பிடிபடவேயில்லை. அவமானமாக இருந்தது.

திங்கட்கிழமை சங்கத்தின் பக்கத்தில் திறப்பு விழாப் படங்கள் வந்தன. ஆறு இந்த வருடம் பெருகி வரக்கூடாதென்று கல்லடியில் பூங்கொத்து வைத்துவிட்டு, கும்பிடாத குறையாக ஊரே சுற்றி நின்றது.

சரோஜாதேவி திரையை உற்றுப் பார்த்தாள்.

“பிள்ளையாருக்கு அங்கை இடம் குடுத்திட்டினம். உங்களுக்குத்தான் இல்லை.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்னவளுக்கும்தான்.