முன்வலது தோள்

நான்கு சுற்று ஓட்டத்தில் முதல் மூன்று சுற்றும் இன்னொருவன் முதுகுக்குப் பின்னால் ஓட வேண்டும். எதிர்க்காற்றை அவன் வாங்கிக்கொள்வான். கடைசி வளைவில் அவன் மூச்சு மாறுவது காதில் விழுந்ததும் வெளிப்பக்கமாகப் பாய வேண்டும். மில் விளையாட்டு விழாவில் இன்னாசி நான்கு வருடம் இப்படித்தான் ஜெயித்தான். 1937இல் ராயப்பன் அதே வித்தையை இன்னாசியின் முதுகுக்குப் பின்னாலிருந்தே செய்து காட்டினான். துரத்திப் போன இன்னாசிக்குக் கணுக்கால் பிசகிக்கொண்டது.

இருவருக்கும் கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரே ஊர், ஒரே கோயில். கோப்பை போனதைக்கூட இன்னாசி பொறுத்திருப்பான். அக்டோபரில் ஜெபமாலை மாதா திருநாள். சப்பரத்தின் முன்வலது முனை நான்கு வருடமாக அவன் தோளுக்கு உரியது. முதல் கோப்பை வாங்கிய வருடந்தான் அவனைக் கூப்பிட்டார்கள். ஜெயித்ததற்கு மாதா கொடுத்த இடம் என்று நம்பியிருந்தான். அப்படியென்றால் இந்த வருடம்?

பூசையில் ராயப்பன் மண்டியிட்டால் அந்த அகலமான தோள்தான் இன்னாசியின் கண்ணில் பட்டது. ஒரு நாள் மெழுகுதிரி ஏற்றி, "இவன் எங்காச்சும் உழுந்து கெடக்கோணும் தாயே" என்று வேண்டிக்கொண்டான். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் கள் குடித்ததைச் சொன்னான், இதைச் சொல்லவில்லை.

திருநாள் மாலை சூசை உபதேசியார் முடிச்சுப் போட்ட கயிற்றோடு வந்தார். வருடாவருடம் சப்பரம் தூக்குகிறவர்களைத் தரையிலிருந்து தோள்வரை அதில் அளப்பார். இன்னாசி அதை வெறும் சடங்கு என்றே எண்ணியிருந்தான்.

"ராயப்பா, பின்னால போ. இன்னாசி, முன்னால வா."

"ஏனுங்க, செயிச்சவன் அவனில்லீங்களா?"

"எதுல?"

"ஓட்டத்துலீங்க."

"ஓட்டத்துக்கும் சப்பரத்துக்கும் என்னப்பா? அன்னிக்கு, அந்த முனையத் தூக்கிட்டிருந்த சந்தியாகு வால்பாறைக்குப் போயிட்டான். நீ முடிச்சுக்குச் சரியா நின்னே, கூப்புட்டேன். ராயப்பன் முடிச்சுக்கு மேல நாலு வெரக்கட ஒசரம்."

விஷயம் அவ்வளவுதான். நாலு முனையில் ஒரு தோள் உயர்ந்தால் பாரமெல்லாம் அதற்கும் எதிர்மூலைக்கும் போய்விடும். மற்ற இரண்டும் சும்மா தொட்டுக்கொண்டு வரும். மேடேறும்போது பின்னால் உயரம் வேண்டும். அதனால் நெட்டையர்கள் பின்னே.

"கால் நொண்டுதுங்களே."

"நொண்டு. நாங்களும் மெதுவா வாரோம். மாதாவுக்கென்ன, ரயிலா போயிரப்போவுது?"

முதல் முக்கில் சப்பரத்தை ஊன்றுகோல்களில் நிறுத்தினார்கள். ராயப்பனின் முகம் தொங்கிக் கிடந்தது.

"ஏண்டா?" என்றான் இன்னாசி.

"மூணு வருசமா ஓடுனதே அந்த முன்னெடத்துக்குத்தானுங்கண்ணா. செயிச்சாக் குடுப்பாங்கன்னு நெனச்சேன்."

இன்னாசிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வெட்கம் வந்தது. "நீ உழோணும்னு நான் மெழுகுதிரி வெச்சேன்."

"நா போன வருசமே உங்களுக்கு வெச்சுப்போட்டனுங். லேட்டாப் பலிச்சிருக்குதாட்ட!"

மீண்டும் தூக்கினார்கள். அந்த அகலமான தோள்மேல் எரிச்சல் முழுக்க ஆறிவிடவில்லை. அடுத்த சனிக்கிழமை சாமியாரிடம் சொல்லியாக வேண்டும். ஆனால் கோப்பைக்கு முன்பும் தன் தோள் இதே உயரந்தான். அதைக் கொடுத்த ஆண்டவர் அவனை ஓடவிட்டுப் பார்த்துக் கொடுக்கவில்லை.

சப்பரத்தில் வேகத்தை வைப்பவன் மிக மெதுவாக நடப்பவன். அவன் நொண்டினான், மற்ற மூவரும் அடியைக் குறைத்தார்கள், ஊரே ஜெபமாலையை இழுத்துச் சொன்னது. பின்னால் ராயப்பனின் மூச்சு கேட்டது. எப்போது மாறும் என்று பழக்கத்தில் இன்னாசி காது கொடுத்தான். அது மாறாமல், அவனுடைய நொண்டலுக்கு ஏற்றபடியே வந்துகொண்டிருந்தது.