287ஆம் பக்கம்

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் செய்கிறவள் கயல்விழி. காரமடைக்கு மேற்கே, தான் குடியிருக்கும் காலனியை ஒட்டிக் கல்குவாரி வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும், அதற்கான சுற்றுச்சூழல் அறிக்கையை இணையத்தில் தேடி எடுத்தாள். பி.டி.எஃப். கோப்பு, நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலம். படித்து முடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. நடுவில் ஓரிடத்தில், ஐநூறு மீட்டருக்குள் குடியிருப்பு எதுவும் இல்லை என்று ஒற்றை வரி இருந்தது. காலனியில் அறுபத்திரண்டு வீடுகள். கடைசி வீட்டு வாசலிலிருந்தே குவாரிக்கு அளந்து நட்ட கல் தெரியும்.

இவ்வளவு பெரிய அறிக்கையில் அந்த வரியை யார் தேடிப் பார்ப்பார்கள்? இணைப்பின் கடைசியில் ஒரு # குறி போட்டு page=271 என்று சேர்த்தாள். ஏதோ மரங்களின் பட்டியல் திறந்தது. அந்த வரி இருந்த தாளில் அச்சாகியிருந்த எண்தான் 271. அட்டை, பொருளடக்கம் எல்லாம் சேர்த்துக் கோப்பில் அது 287ஆம் பக்கம். எண்ணை மாற்றினாள். நேராக அந்த வரி இருந்த பக்கமே வந்து நின்றது. வீடு வீடாகப் போய் உட்கார்ந்து, மெயில் இல்லாதவர்களுக்குத் தொடங்கிக் கொடுத்து, அந்த இணைப்போடு அறுபத்திரண்டு ஆட்சேபணைகளைக் கருத்துக்கேட்பு நடத்தும் அலுவலகத்துக்கு அனுப்ப வைத்தாள்.

கருத்துக்கேட்புக் கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. அறிக்கை தயாரித்த சசிதர், அப்படி ஒரு வரியே அதில் இல்லை என்றார். கயல்விழி எழுந்து மைக்கை வாங்கினாள். கூட்டத்தை நடத்திய பெண் அதிகாரியைப் பார்த்துச் சொன்னாள்.

"மேடம், எங்க மெயில்ல எதை வேணும்னாலும் திறந்து, அந்த லிங்க்கைத் தொடுங்க."

அதிகாரி மடிக்கணினியில் தொட்டார். பெரிய திரையில் 287ஆம் பக்கம் விரிந்தது. அவரே அந்த வரியைப் படித்து, தமிழிலும் சொன்னார். சசிதர் பழைய வரைபடம், பழைய கணக்கெடுப்பு என்று ஆரம்பித்தார். அப்போது யாரும் கூப்பிடாமலே கயல்விழியின் அம்மா சின்னத்தாயி எழுந்து நின்றாள்.

"ஏனுங்க, நானூறு பக்கம் எழுதியிருக்கறீங்க. ஒருக்கா எங்க ஊட்டுப் பக்கம் வந்து பாத்துப்போட்டுப் போயிருந்தா, அந்த ஒத்த வரியச் சரியா எழுதியிருக்கலாமுங்க."

வீடு வீடாக மறுபடி அளக்க வேண்டும், அதுவரை விண்ணப்பத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்று அதிகாரி பதிவு செய்தார். கூட்டம் கலையும்போது கயல்விழியை அழைத்து, அந்தப் பக்கம் மட்டும் எப்படித் திறந்தது என்று கேட்டார். அவள் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டார்.

பஸ்ஸில் சின்னத்தாயி முன்சீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டே வந்தாள்: "ஆபீசரம்மாவே எம்பட புள்ளகிட்டக் கேட்டு எழுதிக்கிட்டாங்க, அம்மணி."

மெதுவாகப் பேசச் சொல்லி அம்மாவின் கையைத் தட்டினாள் கயல்விழி. ஆனால் முன்சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தபோது அவள் தலை குனியவில்லை.