கண்ணில்லாத நிழல்

மருமகள் புகைப்படங்களைப் பார்த்துக் கறுப்புத் தாளில் முக ஓரங்களை வரைந்து, கத்தரித்து, அட்டையில் ஒட்டியிருந்தாள். மாலை வெளிச்சத்தில் குடும்பமே நிழலாக மிதந்தது. பெரியவரின் நிழலை அவருடைய தம்பியின் நிழல் நேருக்கு நேர் பார்த்தது. அவன் முகத்தில் விழிப்பதில்லை என்று பதினோரு வருடமாகச் சொல் காத்தவர் அவர்.

"இவனை ஏம்மா என்னைப் பார்க்க வச்சே?"

"முதுகு காட்டித்தான் வரைஞ்சேன் மாமா. தாளோட பின்பக்கம் வரைஞ்சுட்டேன், வெட்டினதும் திரும்பிட்டாரு. இப்பப் பிச்சா மூக்கு அறுந்துடும்."

"நம்ம வீட்டு மூக்கு இதுவரைக்கும் அறுபட்டதில்லை."

"இதுல முகமே இல்லையே மாமா. கண்ணுகூட இல்ல."

பெரியவர் அட்டையைக் கையில் வாங்கி, தம்பியின் நிழலில் கண் இருக்கவேண்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்போ சொல்லு தவறின மாதிரி ஆகாது," என்றார். "காலையில கண்ணு முழிச்சதும் தெரியுற மாதிரி, என் கட்டிலுக்கு எதிர்ல மாட்டு."