ரேடியோவுக்கு ஒரு அறை

மதியம் இரண்டு பத்துக்கு ஃபைல் மேடத்தின் போன் அடித்தது.

"உங்க ஆளுக்கு அறை இல்லை" என்றார் வீடில்லாதவர்களுக்கு அறை ஒதுக்கும் அதிகாரி. எடுத்த எடுப்பிலேயே குண்டு.

"சார், போன வாரம்தானே லிஸ்ட்ல பேரு வந்துச்சு?"

"வந்துச்சு. உங்க ஃபைலைப் படிச்சேன், போயிடுச்சு. பதினெட்டாம் பக்கம், உங்க கையெழுத்து. 'மூன்று வாரமாக அக்கா வீட்டில் இருக்கிறார். குடும்பத்துடன் சேர்ந்துவிட்டார்.' குடும்பத்தோட சேர்ந்தவர் எப்படிம்மா வீடில்லாதவர் ஆவார்?"



தெருவில் படுப்பவர்கள், மனசு சரியில்லாதவர்கள் என்று நாற்பத்திரண்டு பேர் அவள் பொறுப்பில். டாக்டர், மருந்து, அடையாள அட்டை, தங்க இடம் என்று அத்தனைக்கும் அவள்தான் நாயாய் அலைய வேண்டும். எப்போதும் கக்கத்தில் ஒரு ஃபைல். அதனால்தான் அந்தப் பெயர். நாற்பத்திரண்டு ஃபைலிலும் சேர்த்து, நல்ல சேதியாக எழுத வருஷத்துக்கு ஒரு வரி தேறினால் அதிகம். தேறிய அந்த ஒரு வரியை உச்சி குளிர எழுதியிருந்தாள். அதுவே இப்போது கழுத்தை அறுத்தது.

"அக்கா புருஷன் இன்னைக்கு சாயங்காலத்தோட வெளியே போகச் சொல்லிட்டாரு சார்."

"அப்போ அந்த அக்கா தன் கையால எழுதித் தரட்டும். ஆளையும் கூட்டிட்டு வாங்க. நாலு மணி தாண்டினா அடுத்த பேருக்குக் குடுத்துடுவேன். வரிசை அனுமார் வால் மாதிரி நீளுது."

ஓடினாள்.

அவள் ஆளுக்குப் பெயர் ரேடியோ. ஒரு காலத்தில் லிஃப்ட் மெக்கானிக். காதுக்குள் குரல்கள் பேச ஆரம்பித்ததும் வேலை போனது, வீடு போனது. தெருவில் தனியாகப் பேசுகிறவன் மேல் கல் விழும். அதனால் பேட்டரி இல்லாத ஓட்டை ரேடியோ ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு குரல்களுக்குப் பதில் சொல்வார். பாட்டுக் கேட்கிறவனை யார் அடிக்கப் போகிறார்கள்? பதினோரு வருஷம் பாலத்தடியில் அப்படியே ஓடியது. கடைசியாக மருந்து நின்றபோது, சீறி வரும் லாரிகளுக்கு நடுவில் போய் நின்றார். இன்னொரு தடவை பாலத்தடிக்குப் போனால் ஆள் தேறமாட்டார் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அக்கா வீடு ஒரே அறை. தையல் மெஷின், இரண்டு பெண் பிள்ளைகள், புருஷன். கதவோரம் ஒரு பாய். அங்கே உட்கார்ந்து ரேடியோ சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம். அக்கா எனக்குப் பதவி குடுத்துட்டா. பொத்தான் மந்திரி."

"மந்திரி வேலை பார்க்கிற லட்சணத்தைப் பாருங்க, ஒண்ணு மேல, ஒண்ணு கீழ" என்றாள் அக்கா. மேடத்தின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "தம்பி, கடைக்குப் போய் ஒரு நீல நூல் வாங்கிட்டு வா."

அவர் தலை மறைந்ததும் மேடம் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

"நானா எழுதணும்?" என்றாள் அக்கா. "பதினோரு வருஷம் கழிச்சு வந்து கதவைத் தட்டினான் மேடம். நானேதான் திறந்தேன். இப்ப நானே சாத்தணுமா?"

"வீட்டுக்காரர் மனசு மாறுவாரா?"

"காலையிலயே அவன் பையை வாசல்ல வெச்சுட்டாரு."

"அப்போ எழுதுங்க. இது ஃபைலுக்குள்ள போற காகிதம். அவர் கண்ணுலயே படாது. சத்தியம்."

அக்கா எழுதினாள். 'என் வீட்டில் இடம் இல்லை.'

மேடம் தலையை ஆட்டினாள். "பத்தாதுக்கா. பெரிய வீடா பார்க்கட்டும்னு சொல்லித் திருப்பிடுவாங்க. வேண்டாம்னு இருக்கணும்."

அக்கா மறுபடி எழுதினாள். 'எனக்கு இவன் வேண்டாம். இனி என் வீட்டுக்குள் விடமாட்டேன்.' கண்ணீர் விழுந்து ஓர் எழுத்து கலைந்தது. மேடம் காகிதத்தை ஊதிக் காயவைத்தாள். தன்னைப் பார்க்கத் தனக்கே கூசியது.

மூன்று நாற்பத்தெட்டு. அதிகாரியின் மேஜை. மேடத்துக்குப் பக்கத்து நாற்காலியில் ரேடியோ.

எப்போதும் கடிதத்தை வாங்குவார், ஃபைலில் கோர்ப்பார், முத்திரை குத்துவார். இன்று பதினெட்டாம் பக்கத்தையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல ஒண்ணு இருக்கு, அதுல ஒண்ணு இருக்கு. விண்ணப்பதாரர் வாயாலயே சொல்லட்டும்."

"சார், வேணாம்..."

அதற்குள் சத்தமாகப் படித்துவிட்டார். எனக்கு இவன் வேண்டாம். "உண்மையாப்பா?"

ரேடியோ நிமிர்ந்து உட்கார்ந்தார். "பொய் சார். யாரோ அக்கா பேர்ல எழுதியிருக்காங்க. மச்சான் சொல்லுவாரு. அக்கா சொல்லவே மாட்டா."

பேச்சில் துளி குழப்பம் இல்லை. மூன்று வார மருந்து அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தது.

அதிகாரி பேனாவை மூடினார். கடிகாரம் மூன்று ஐம்பத்தைந்து.

ரேடியோ அவள் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க சொல்லுங்க. நீங்க என்கிட்ட பொய் சொன்னதே இல்லை."

 அக்கா எழுதவில்லை என்று சொன்னால், இன்று ராத்திரி பாலத்தடி. அப்புறம் லாரிகள்.

"அக்கா எழுதினதுதான் அண்ணே. என் கண்ணு முன்னாலதான் எழுதினாங்க."

"வேண்டாம்னா எழுதினா?"

"வேண்டாம்னு."

வார்த்தைக்கு வார்த்தை உண்மை. இதைவிடப் பெரிய பொய்யை அவள் சொன்னதே இல்லை.

ரேடியோ தன் விரலைப் பார்த்தார். நீல நூல் ஒன்று இன்னும் அதில் சுற்றியிருந்தது.

"எழுதிக்கங்க சார். எனக்கு யாரும் இல்லை."

முத்திரை விழுந்தது. மூன்று ஐம்பத்தெட்டு.

மூன்றாவது மாடி அறை. கட்டில், ஜன்னல், உள்ளே பூட்டிக்கொள்ளக் கதவு. மேடம் மாத்திரை டப்பாவை அலமாரியில் வைத்தாள். அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

"அண்ணே, அக்கா அழுதுட்டே எழுதினாங்க. நான்தான் எழுத வெச்சேன். இந்த அறைக்காக..."

"ஷ்..." அவர் கையை உயர்த்தினார்.

பையின் அடியிலிருந்து துண்டு சுற்றிய பொருளை எடுத்தார். மூன்று வாரமாகத் தொடாத ஓட்டை ரேடியோ. காதில் வைத்து, கண்ணை மூடினார்.

மேடத்தின் பையில் போன் அடித்தது. அக்கா. தம்பிக்கு அறை கிடைத்ததா, கடிதத்தை அவன் பார்க்கவில்லையே என்று கேட்பதற்குத்தான். அவள் எடுக்கவில்லை.

"அண்ணே, யாரு பேசறா?"

"அக்கா" என்றார் ரேடியோ. "என்னைப் போகச் சொல்றா."