இரண்டாவது மதிப்பாய்வாளர்

நகர ஆய்வு இதழ் ஒன்றின் ஆலோசனைக் குழுவில் என் பெயர் இருக்கிறது. நகரத் திட்ட அலுவலகத்தில் தலைமைப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதற்காகக் கிடைத்த இடம் அல்ல அது. கைக்கு வந்த எந்தக் கட்டுரையையும் கடைசி வரி வரை படிக்காமல் திருப்ப மாட்டேன் என்பதற்காகக் கிடைத்த இடம். அந்த இதழில், எழுதியவர் யார் என்று மதிப்பிடுபவருக்குச் சொல்ல மாட்டார்கள். மதிப்பிட்டவர் யார் என்று எழுதியவருக்கும் சொல்ல மாட்டார்கள். எனக்கு இந்த முறை மிகவும் பிடிக்கும். முகத்தைப் பார்த்து மார்க் போடுகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

அன்று காலை வந்த கட்டுரையைத் திறந்து இரண்டு பக்கம் போவதற்குள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் நிழற்குடைக்குள் நிற்பதில்லை, நிழல் எங்கே விழுகிறதோ அங்கே நிற்கிறார்கள் என்றது கட்டுரை. விளக்குக் கம்பத்தின் நிழல் நடைபாதையில் கோடாக விழுந்தால், அந்தக் கோட்டிலேயே ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். வெயில் நகர நகர வரிசையும் நகரும். சூரியனைக் கேட்காமல் கூரை போடும் திட்ட அலுவலகங்களை எழுதியவர் ஒரு பிடி பிடித்திருந்தார். ஊரின் பெயர் இல்லை, 'நகரம் அ' என்று மட்டும் இருந்தது. 'அ' எந்த ஊராக இருந்தால் என்ன, எழுதியவனுக்குக் கண் இருக்கிறது! உற்சாகம் தாங்காமல் மனைவியைக் கூப்பிட்டு இன்னொரு காபி கேட்டேன்.

ஆய்வு செய்த முறையைச் சொல்லும் பகுதிக்கு வந்தேன். காபி அப்படியே ஆறிப்போனது.

காத்திருப்பவர்களின் காலடியைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுவது, அவர்கள் பேருந்து ஏறிப் போன பிறகு அந்தக் கோடுகளைப் படம் எடுப்பது, நிழலோடு ஒப்பிடுவது. இது எங்கள் மருமகளின் முறை! மருத்துவமனை வாசலில் உள்ள ஒரே ஒரு நிறுத்தத்தை வைத்து அவள் சின்னதாக ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தாள். அதற்காக அவள் பட்ட பாட்டை இந்த வீட்டில் இருந்து நான் கண்ணால் பார்த்தவன். இப்போது எவனோ ஒருவன் அதே முறையை ஊர் முழுக்க உள்ள நிறுத்தங்களில் செய்துவிட்டுத் தன் சொந்தச் சரக்கு மாதிரி கடை விரித்திருக்கிறான். கடைசியில் இருந்த நூற்பட்டியலை மேலிருந்து கீழ் வரை, கீழிருந்து மேல் வரை தேடினேன். அவள் பெயர் இல்லை.

அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். மதிப்பீட்டுக்கு வந்த கட்டுரையை மூன்றாம் ஆளிடம் காட்டக் கூடாது என்பது விதி. அது பெற்ற பிள்ளைக்கும் பொருந்தும், மருமகளுக்கும் பொருந்தும். மேலும், எங்கள் வீட்டுப் பெண்ணின் உழைப்பைக் காப்பாற்ற அவளிடமே அனுமதி கேட்க வேண்டுமா என்ன!

எழுதினேன். 'நடைபாதைக் கல்லில் வெள்ளை எடுபடாமல் போக, நீலச் சாக்பீஸ் வாங்கி வந்து, மூக்குத் தோல் உரிகிற வெயிலில் நின்று ஓர் இளம் ஆய்வாளர் உருவாக்கிய முறை இது. அவர் பெயரைக்கூடச் சொல்லாமல் எடுத்துக்கொள்வதற்குத் திருட்டு என்பதைத் தவிர எனக்கு வேறு சொல் தெரியாது' என்று எழுதி, அவள் பெயரையும் குறிப்பிட்டேன். கடமை தவறக் கூடாது என்பதால் கட்டுரைக்குள்ளும் குறை சொன்னேன். மழை நாளில் சாக்பீஸ் கோடு நிற்குமா, அன்றைக்கு என்ன செய்தீர்கள், மூன்றாம் படத்தில் எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறதே, யார் படிப்பது என்றெல்லாம். 'பிறர் ஆய்வைக் களவாடியதா' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று அழுத்தி அனுப்பிவிட்டேன். அன்றைக்கு முழுக்க இரண்டு அங்குலம் உயரமாக நடந்தேன்.

அடுத்த வாரம் ஒரு காலை, சாப்பாட்டு மேசைக்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மருமகள் வந்தாள். பல்கலைக்கழகத்தில் அவளுக்கு ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கும் ஒப்பந்த வேலை. நிரந்தரப் பணிக்கு மாதக் கடைசியில் நேர்முகம் இருந்தது. அதற்கு ஓர் இதழில் கட்டுரை ஏற்கப்பட்டிருக்க வேண்டும். ஏதோ ஓர் இதழுக்கு அனுப்பியிருக்கிறாள் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும்.

"நான் திருடியாம் மாமா!" என்றாள்.

"என்னத்த திருடின?" என்றான் என் மகன். பல் மருத்துவன். யாருக்கு வலித்தாலும் அவனுக்குச் சிரிப்பு வரும்.

"என்னோட பழைய அறிக்கைய. என்கிட்ட இருந்தே."

"அப்ப நீயே புகார் கொடுத்து, நீயே உள்ள போய், நீயே ஜாமீன் எடுக்கணும்."

"விளையாடாதீங்க. எழுதினது யாருன்னு தெரியக் கூடாதுன்னு விதி. என் அறிக்கையச் சொன்னா தெரிஞ்சிடுமேன்னு பட்டியல்ல இருந்தே எடுத்துட்டேன். ரெண்டாவது மதிப்பாய்வாளர் அதப் பார்த்துட்டு, ஐயோ பாவம் அந்தப் பொண்ணு, அவ உழைப்பத் திருடிட்டியேன்னு என்னையே கிழிச்சுத் தொங்க விட்டுட்டார்."

நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். "எந்த இதழ்?" என்று கேட்டேன்.

"உங்க இதழ்தான் மாமா. நாளைக்கு ஒருத்தர் 'மாமனார் தயவுல வந்தது'ன்னு சொல்லிடக் கூடாதுல்ல. அதான் வீட்டுல மூச்சு விடல."

அவள் செய்தது சரி. அவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"எவன்டி அவன், கட்டையில போறவன்?" என்றாள் என் மனைவி. முப்பது நாளும் என் ஆயுளுக்காக வேண்டிக்கொள்கிறவள்.

"பேர் தெரியாது அத்தை. ஆனா எழுத்தப் பார்த்தாலே ஆள் தெரியுது. ஒரு கிழட்டுக் கழுகு. முதுகு வளையாம உட்கார்ந்துக்கிட்டு, கண்ணாடிய நெத்தியில ஏத்திக்கிட்டு..."

நெற்றியில் இருந்த கண்ணாடியை மெல்ல இறக்கினேன்.

"பல்லக் கடிச்சுக்கிட்டே எழுதியிருப்பார். பல்செட்டு ஆட்டம் கண்டிருக்கும்" என்றான் மகன். அந்தப் பல்செட்டைக் கட்டிக் கொடுத்தவனே அவன்தான்.

மூன்று பேரும் சேர்ந்து அந்த மனிதனை உரித்து உப்புத் தடவினார்கள். நான் சொல்லக் கூடாது. மதிப்பாய்வாளர் தன்னை எழுதியவருக்கு வெளிப்படுத்தக் கூடாது என்று கையெழுத்துப் போட்டவன் நான். கையெழுத்துப் போட்டவன் வாயில் இருந்து ஒரு வார்த்தை வராது.

"சரி, திருட்டு இல்லன்னு எழுதிக் கொடுத்துட்டா போச்சு" என்றாள் என் மனைவி.

மருமகளின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "அந்தக் கட்டத்துல 'ஆம்'னு போட்டுட்டா கணினியே கட்டுரைய முடக்கிடும் அத்தை. நான் மறுத்தா ஒழுங்குக் குழு கூடி விசாரிக்கணும். அது அடுத்த மாசம்தான் கூடும். இல்லேன்னா புகார் சொன்னவரே வந்து வாபஸ் வாங்கணும். வாங்குற ஆளாட்டம் தெரியல." என்னைப் பார்த்தாள். "என்ன மாமா, அப்படிப்பட்டவங்க இறங்கி வருவாங்களா?"

"சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன்" என்று எழுந்துவிட்டேன். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

நிறுத்தத்தில் போய் நின்றேன். நிழற்குடை காலியாக, உள்ளே வெயில் நிறைந்து கிடந்தது. என்னை அறியாமல் விளக்குக் கம்பத்தின் நிழலில் ஒதுங்கியிருந்தேன். கழுத்தைத் திருப்பிப் பார்த்தால் என் பின்னால் ஒரு பெண், அவள் பின்னால் பையோடு ஒருவர், அவர் பின்னால் இன்னும் நாலைந்து பேர். கோடு கிழித்தது போல ஒரே வரிசை! பேருந்து தாமதமானது. நிழல் நகர்ந்தது. நான் அரையடி நகர்ந்தேன். வரிசை முழுக்க அரையடி நகர்ந்தது. அடடா! நடுத்தெருவில் கைதட்டத் தோன்றியது. எத்தனை ஆண்டுகள் இந்த நிறுத்தங்களை வரைபடத்தில் பார்த்தவன் நான். என் வீட்டுப் பெண் தரையில் பார்த்திருக்கிறாள்! பேருந்து வந்தபோது படியில் தாவி ஏறினேன் என்று சொன்னால் என் மனைவி நம்ப மாட்டாள்.

இதழின் பிரதம ஆசிரியரைக் கட்டுரையாளர்கள் கத்தரிக்கோல் என்று அழைப்பார்கள். எழுதியதில் பாதியை வெட்டிவிடுவார். ஒரு காலத்தில் என் அலுவலகத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர். என்னைக் கண்டதும் நாற்காலியில் இருந்த காகிதக் கட்டைத் தரையில் இறக்கி வைத்தார்.

"வாங்க சார். மாநாடு முடிஞ்சு நேத்துதான் வந்தேன். ரெண்டு வார வேலை மேசையில கிடக்கு."

"நிழல் கட்டுரைக்கு நான் கொடுத்த அறிக்கையை வாபஸ் வாங்க வந்திருக்கிறேன். முழுவதையும்."

"ஏன் சார்?"

"எழுதியது என் மருமகள்."

அவர் கணினியைத் திருப்பிப் பார்த்தார். என் அறிக்கையை இப்போதுதான் படிக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. முதலில் புருவம் ஏறியது. பிறகு தோள் குலுங்கியது. கடைசியில் மேசையில் கவிழ்ந்துவிட்டார்.

"சார்... மருமக கட்டுரைய மருமகளே திருடிட்டாங்கன்னு... சார், தண்ணி குடுங்க, முடியல."

"சிரித்து முடித்ததும் சொல்லுங்கள். காத்திருக்கிறேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வாபஸ் கடிதத்தை அடித்துக் கொடுத்தார். உறவு என்று தெரியாமல் மதிப்பிட்டேன், தெரிந்ததும் விலகுகிறேன் என்று இருந்தது. வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அறிக்கையில் இன்றைக்கும் ஒரு வரியையும் மாற்ற மாட்டேன். குற்றம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன், ஆள்தான் மாறிவிட்டது.

"இனி வேற ஒருத்தருக்கு அனுப்பணும். மாசக் கடைசிக்குள்ள வர மாதிரி கேட்டுப் பார்க்கிறேன். கொஞ்சம் தன்மையான ஆளா..."

"கூடாது!" என்றேன். பக்கத்து அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. "உங்களிடம் இருப்பதிலேயே கடுமையான ஆளுக்கு அனுப்புங்கள்."

"உங்களை விடக் கடுமையான ஆளுக்கு நான் எங்க சார் போவேன்?"

வீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் மாலை, புகார் நீங்கிவிட்டது, கட்டுரை வேறொருவரிடம் போயிருக்கிறது என்று கடிதம் வந்ததாக மருமகள் சொன்னாள். 'அப்படியா' என்றேன். பிறகு வானத்தைப் பார்த்துக்கொண்டே, "கழுகு கேட்டதுல ஒண்ணு மட்டும் ஞாயம் மாமா. மழைக்கு நான் பதில் வைக்கல" என்றாள். அந்த வாரம் மழை பெய்த ஒரு மத்தியானம் குடையும் கேமராவுமாக ஓடினாள். சாக்பீஸ் இல்லை. எதிர் மாடியில் இருந்து நிறுத்தத்தைப் படமெடுத்து வந்தாள். மழையில் எல்லாரும் நிழற்குடைக்குள்தான் நின்றார்கள். வெயிலுக்கு ஓர் இடம், மழைக்கு ஓர் இடம்! கட்டுரையின் கடைசிப் பகுதி தலைகீழாக மாறியது; திருத்திய பிரதியை இதழுக்கு அனுப்பினாள். அவள் அதைச் சொல்லச் சொல்ல என் கால் மேசைக்கடியில் தாளம் போட்டது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

நேர்முகத்துக்கு முந்தைய நாள் முற்பகல். நான் செய்தித்தாள் படிப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்தேன். உள்ளே ஒரு கத்தல். நாற்காலி விழுந்த சத்தம்.

"ஏத்துக்கிட்டாங்க! அத்தை! மாமா! ஏத்துக்கிட்டாங்க!"

என் மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். மகன் தொலைபேசியில், நோயாளி வாயைத் திறந்தபடி இருக்க, "பார்ட்டி எங்க?" என்று கத்தினான். நான் எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது.

"நன்றிக் குறிப்பு படிக்கிறேன், கேளுங்க" என்றாள் மருமகள். "'விலகிக்கொண்ட மதிப்பாய்வாளருக்கு நன்றி. எனக்காக என் மீதே இவ்வளவு கோபப்பட்டவர் வேறு யாரும் இல்லை.' நல்லா இருக்கா மாமா?"

"கத்தரிக்கோல் வெட்டிவிடுவார்" என்றேன்.

"வெட்டட்டும். மாமா, ஒண்ணு கேக்கணும். சாக்பீஸ் நீலம்னு நான் எந்த அறிக்கையிலயும் எழுதல. மூக்குத் தோல் உரிஞ்சதையும் எழுதல. அது இந்த வீட்டுல இருக்கிறவங்களுக்கு மட்டும்தானே தெரியும்?"

என் மனைவி கரண்டியோடு என் பக்கம் திரும்பினாள்.

"மதிப்பாய்வாளர் யார் என்று நான் சொல்லக் கூடாது" என்றேன்.

"சொல்ல வேண்டாம். எனக்கு அந்த மதிப்பாய்வப் படிச்ச அன்னைக்கே தெரியும்."

"தெரிந்துகொண்டேவா என்னைக் கிழட்டுக் கழுகு என்றாய்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. என் மனைவியின் கையில் இருந்து கரண்டி விழுந்தது. "ஐயையோ, கட்டையில போறவன்னு சொன்னேனே!" என்று வாயில் அடித்துக்கொண்டாள்.

மருமகள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "வேற எப்ப மாமா உங்களத் திட்டுறது? கிடைச்ச ஒரே சந்தர்ப்பம்."

"தெரிந்திருந்தால் ஆசிரியருக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமே. மாதம் முடிந்துபோயிருந்தால் வேலை போயிருக்குமே."

"நான் எழுதினா உங்க பேருக்குத்தானே இழுக்கு. நீங்க அன்னைக்கே சட்டை போட்டுக்கிட்டுக் கிளம்பிடுவீங்கன்னு தெரியும். அதான் மேசையில எல்லாத்தையும் உங்க காதுல விழுற மாதிரி சொன்னேன்."

எங்கள் குடும்பத்தின் பெயரைக் காப்பாற்றுகிறவன் நான் ஒருவன்தான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். முதுகை நிமிர்த்தி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றினேன்.

"நாளைக்கு நேர்முகத்தில் கேட்பார்கள். மூன்றாம் படத்தை எடுத்து வா. எழுத்து இன்னும் எறும்பு மாதிரிதான் இருக்கிறது."

"கழுகு பேசுதுடா!" என்றது இன்னும் அணைக்காமல் கிடந்த தொலைபேசி.