கடைசி ஆள் இறங்கும்வரை

ஐப்பசி வெளிச்சம். மழைக்கு நடுவே அழுக்கு மஞ்சளாக ஒரு வெளிச்சம். புதுச்சேரிக் கடல் சேறாகக் கலங்கிக் கிடந்தது. தூரத்தில் ஒரு பிரெஞ்சுக் கப்பல், ஒருபக்கமாகச் சாய்ந்து.

புயலில் நங்கூரம் அறுந்து, மணல்திட்டில் ஏறி, அடி பிளந்த போர்க்கப்பல். அதன் கப்பித்தான் இவ் கெர்வோன் என்ற பிரெஞ்சுக்காரர். கரையில் தொப்பலாக நனைந்து நிற்பவள் அவர் பெண்டாட்டி மதலேனாள், இந்த ஊர்ப் பெண்.

படகு தாங்காத அலை. கட்டுமரம்தான் போக முடியும். போனது. ஒரு தடவைக்கு ஒருத்தர், இரண்டு பேர், கயிற்றால் கட்டிக் கொண்டுவந்தார்கள். மரம் கரை தட்டும்போதெல்லாம் அவள் ஓடினாள்.

அவர் இல்லை.

கப்பித்தான் கடைசியாகத்தான் இறங்க வேண்டுமாம். அது அவர்கள் வழக்கம். கல்யாணமான புதிதில், உப்பு மாங்காயைக் கடித்தபடியே சொன்னார். சின்னப் பிள்ளையாகக் கப்பலேறிய அன்றைக்கே கற்றுக்கொடுத்துவிட்டார்களாம். "நல்ல வழக்கம் கண்டுபிடிச்சீங்க, போங்க!" என்று அவள் சிரித்தாள். இப்போது சிரிப்பா வரும்?

மழை. மறுபடி மரம். அவர் இல்லை.

உச்சிப்பொழுதுக்கு அவருக்கு அடுத்த அதிகாரி வந்து இறங்கினான். "எல்லாரும் வந்தாயிற்று, மதாம். இனி அவர்தான்" என்றான்.

அப்பாடா! ஈரமணலில் உட்கார்ந்துவிட்டாள். மாதாவே, மாதாவே என்று அழுதாள்.

அடுத்த மரம் வந்தது. இறங்கியவன் ஒரு தமிழன். பாய் இழுக்கிற கூலியாள்.

அதற்கடுத்த மரத்திலும் அப்படியே ஒருத்தன்.

அதிகாரி எண்ணியது வெள்ளைக்காரர்களை மட்டும். கீழ்த்தட்டில் இவர்களோடு சேர்த்து நம்மூர் ஆட்கள் ஏழு பேர் இருந்தார்கள். அவர்களும் இறங்கினால்தான் கெர்வோன் இறங்குவார்.

அவளுடைய சொந்தச் சனம். தம்பி வயசுப் பிள்ளைகள். ஆனால் அவள் நெஞ்சு என்ன சொன்னது? நாசமாய்ப் போங்கள், உங்களுக்காகவா என் புருஷன் நிற்க வேண்டும் என்றது. ஒவ்வொரு கறுத்த தலை தெரியும்போதும் வெறுத்தாள். வாய்விட்டே திட்டினாள். அலை இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

கப்பல் இன்னும் சாய்ந்தது.

ஏழாவது ஆள் வந்து சேர்ந்தபோது மேல்தட்டில் அவர் மட்டும் தெரிந்தார். நீலச்சட்டை. மழையில் சின்னதாக.

"திரும்பிப் போங்கண்ணே, போங்க!" கட்டுமரக்காரர் சிங்காரத்தின் கையைப் பிடித்துக் கதறினாள்.

"இதோ போறேம்மா."

போனார். முதல் அலையைத் தாண்டினார். இரண்டாவதைத் தாண்டினார். கப்பலின் பாய்மரம் முறிந்தது. சத்தமே வரவில்லை, மழைச் சத்தம்தான். கப்பல் புரண்டது. நுரை மூடியது.

சிங்காரம் வெகுநேரம் தேடினார். வெறுங்கையோடு வந்தார்.

கடைசியாக வந்த அந்த ஏழாவது ஆள் மணலில் தவழ்ந்து அவள் காலடியில் விழுந்தான். "எங்கள விட்டுட்டு அவரு வந்திருக்கலாம்மா."

"வந்திருக்கலாம்டா" என்றாள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

அவன் முகத்தைப் பார்த்தாள். பல் கிட்டித்து நடுங்கிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து எத்தனை பேர் வந்து இறங்கினார்கள்! ஒரு முகத்தையாவது அவள் பார்த்தாளா?

"உம் பேரென்ன?"

"சந்தியாகு."

அவள் கடல் பக்கம் திரும்பினாள். அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "சந்தியாகு வந்தாச்சுங்க!"

அடுத்தவனிடம் போனாள். "மீரான் வந்தாச்சுங்க!" அதற்கடுத்தவன். அதற்கும் அடுத்தவன். குளிரில் பேர் சொல்ல வராதவனுக்குப் பக்கத்தில் குந்தி, வாயருகே காதைக் கொடுத்துக் கேட்டாள்.

ஏழு பேரையும் சொல்லி முடித்தாள்.

"எல்லாரும் எறங்கியாச்சு" என்றாள் பிறகு, மெதுவாக. "நீங்க வரலாம்."