ஒன்றியத் தலைவரின் புல்வெளி

நில உச்சவரம்புச் சட்டம் இறுகிய வருஷம், குடவாசல் பக்கத்து ஒன்றியத் தலைவர் இராஜாங்கத்துக்குத் திடீரென்று புல்லின் மேல் ஆசை வந்தது. மேடைதோறும் “உழுபவனுக்கே நிலம்” என்று முழங்கியவர் அவர். அந்த முழக்கம் தம் வீட்டுக் கொல்லைக்கே வந்து நிற்குமென்று எதிர்பார்க்கவில்லை. பங்களாவுக்குப் பின்னாலிருந்த மூன்று மா நஞ்சை, அதாவது ஒரு ஏக்கர் வயல், சட்டம் விட்டுவைத்த அளவுக்கு மேலே நின்றது. வயல் என்றால் அதைக் குத்தகைக்கு உழும் வைரக்கண்ணுவுக்குப் போய்விடும். வீட்டுத் தோட்டம் என்றால் போகாது.

ஆகவே வயலை நிரவி அருகம்புல் பதித்தார்கள். பதித்தவனும் வைரக்கண்ணுதான்.

விவசாயிகள் கூட்டத்தில் யூரியாவின் பெருமையை விளக்கிவிட்டு வந்த தலைவர், யூரியா மூட்டையோடு நின்ற வைரக்கண்ணுவைப் பார்த்து அலறினார்.

“அடப்பாவி, அந்த விஷத்தையா கொட்டப் போற? பேரப்புள்ளைங்க உருண்டு விளையாடற எடம்டா! சாணி எருவப் போடு.”

“யூரியாதான் நல்லதுன்னு இப்பத்தானேய்யா மைக்குல சொன்னீங்க?”

“அது ஊரு திங்கற நெல்லுக்கு. இது என் வீடு.”

அவரே எருக்குழியைக் கைகாட்டினார். களத்தை ஒட்டிய குழி. போரடித்துக் கூட்டிய குப்பையெல்லாம் அதில்தான் விழும். கூடவே நெல்லும் விழும். தலைவருக்கு நெல்லை மூட்டையாகப் பார்த்துத்தான் பழக்கம்.

மேற்கொண்டு இரண்டு உத்தரவு போட்டார். பச்சையாக எது முளைத்தாலும் பிடுங்கக் கூடாது. சொட்டை தெரிந்தால், நிலத்தைப் பார்வையிட வரும் தாசில்தார் சந்தேகப்படுவார். அரிவாளும் படக் கூடாது. பட்டால் அறுவடை என்று எழுதிவிடுவார்.

மழை பெய்தது. முளைத்தது.

“நெல்லுல்ல கெளம்புது! அவருகிட்ட சொல்லிடுங்களேன்,” என்றாள் வைரக்கண்ணுவின் மனைவி அம்சவல்லி. “அப்புறம் வந்து பாத்துட்டு குதிப்பாரு.”

“பாத்துட்டாருடி. ‘யூரியா இல்லாமலே எப்படித் தளதளன்னு இருக்கு பாத்தியா’ன்னு முதுகுல தட்டிக் குடுத்துட்டுப் போறாரு.”

சென்னை மாநாடு, அப்படியே மகன் வீடு என்று தங்கிவிட்ட தலைவர், தாசில்தார் வரும் அன்றைக்குத்தான் திரும்பினார். கொல்லையைப் பார்க்காமலே அவரை அழைத்துப்போனார்.

“நம்ம புல்வெளி, சார். செருப்பில்லாம நடந்து பாருங்க, உடம்புக்கு அவ்வளவு நல்லது.”

தாசில்தார் செருப்பைக் கழற்றினார். தொடையளவு ‘புல்’லுக்குள் நாலு எட்டு வைத்தவர், ஒரு கதிரை உருவி வாயில் போட்டுக் கடித்தார்.

“பால் கட்டிடுச்சு. குத்தகை யாருங்க?”

“நான்தாங்க,” என்றான் வைரக்கண்ணு.

அன்று சாயங்காலமே தலைவர் கடைத்தெருவில் மேடை போட்டு, தம் நிலத்தை மனமுவந்து உழவனுக்கு வழங்குவதாக அறிவித்தார். மாலையை வைரக்கண்ணு கையாலேயே போட்டுக்கொண்டார்.

அறுத்த பிறகு, அடுத்த போகத்துக்காக வைரக்கண்ணுவும் அம்சவல்லியும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். வெட்ட வெட்ட அருகம்புல் வந்துகொண்டே இருந்தது.

“என்னங்க இது, கட்சிக்காரன் மாதிரி விடவே மாட்டேங்குது?” என்றாள் அவள்.

“சாணி எருவோட மகிமைடி,” என்றான் வைரக்கண்ணு. “அவரு சொன்னது அது ஒண்ணுதான் நெசம்.”